கண்ணாடி மூடும் நிறுத்தம்

பெரிய நகரத்துக்குக் குடிவருகிறவர்கள் என்னைத் தேடி வந்து யோசனை கேட்பார்கள். பத்தொன்பது வருஷமாக இங்கே பஸ் ஓட்டுகிறேன், சந்து பொந்தெல்லாம் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பள்ளிக்கூடம் பக்கமா, வீட்டுக்காரர் தொல்லை உண்டா என்று கேட்பார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு பதில் சொல்வேன். இப்போதெல்லாம் எரிந்து விழுகிறேன். "போ, உன் மூக்கால பாத்துட்டு வா, என்னைக் கேக்காத" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். திமிர் பிடித்தவன் என்று அவர்கள் பேசிக்கொள்வது காதில் விழத்தான் செய்கிறது. பேசட்டும்.

என் தங்கை புருஷனைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும்.

மாப்பிள்ளைக்கு வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. கார் கதவில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் அடித்துக் கொடுப்பார். எங்கே அடித்தார் என்று வண்டிக்குச் சொந்தக்காரனாலேயே கண்டுபிடிக்க முடியாது. வெள்ளையிலேயே பதினாலு வெள்ளை உண்டு என்பார். ஒருநாள் என் யூனிபார்ம் சட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, "மச்சான், உங்க காலர் ஒரு ஷேடு, பாக்கெட் ஒரு ஷேடு" என்றார். "அது ஷேடு இல்ல மாப்ளே, அழுக்கு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனுஷன். கோபமே வராது. கோபமெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம்தான், அதுவும் மொத்தமாக என்னிடம்.

இருபத்திரண்டு வருஷம் தின்னரையும் ஸ்பிரேயையும் சுவாசித்தவர். மாஸ்க் என்று ஒன்று எப்போதும் கழுத்தில் தொங்கும், மூக்குக்கு ஏறாது. அப்படியே ஒருநாள் அவருக்கு வாசனை போய்விட்டது. அடுப்பில் பால் பொங்கி, கருகி, வீடே புகைந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். அப்போதுதான் தங்கைக்குத் தெரிந்தது. வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். பட்டறையில் தெரிந்தால் நோயாளி என்று நிறுத்திவிடுவார்கள், சொந்தக்காரர்கள் வேறு "மூக்கறுந்தவன்" என்று ஆயுசுக்கும் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியை முதலில் ஆரம்பிப்பவன் நானாகத்தான் இருப்பேன் என்று அவருக்குத் தெரியும். அதனால் என்னிடமும் மறைத்தார்கள். பால் திரிந்ததா, கேஸ் கசிகிறதா, சட்டையை இன்னொரு நாள் போடலாமா என்று எல்லாவற்றையும் தங்கைதான் மோந்து பார்த்துச் சொல்வாள்.

அவர்களுக்கு ஒரே பெண். எட்டு வயசு. நாங்கள் பாப்பா என்று கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்தே இரைப்பு. ராத்திரியில் அவள் மூச்சு விடுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே என் தங்கை எத்தனையோ வருஷம் தூங்காமல் இருந்திருக்கிறாள். ஊரில் பார்த்த டாக்டர், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மாசாமாசம் காட்டச் சொன்னார், ஒரு வருஷமாவது விடாமல் பார்த்தால் சரியாகும் என்றார். நகரத்துப் பட்டறை ஒன்றில் நிறம் பிரித்துப் பார்க்கிற மாப்பிள்ளையின் கண்ணை மெச்சி உடனே வேலையும் கொடுத்தார்கள். பாப்பா நன்றாக மூச்சு விட வேண்டும். அதற்காக மட்டுமே இந்த நகரத்துக்கு வந்தார்கள்.

வீடு பார்க்கச் சொல்லி என்னிடம்தான் கேட்டார். இரண்டு வாரம் என் லீவு நாளிலெல்லாம் அலைந்து, என் தெருவிலேயே ஒரு வீடு பிடித்தேன். மூன்றாவது மாடி. வந்து பார்த்தார். படிக்கட்டை அண்ணாந்து பார்த்தவர், "பாப்பாவால ஏற முடியாது மச்சான். ரெண்டாவது மாடியிலயே உக்காந்துடுவா" என்றார்.

சொன்னது நியாயம். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அலைந்தவனுக்கு ஒரு வார்த்தை கிடையாது, குறை மட்டும் உடனே வருகிறதே என்று பொங்கியது.

"அப்ப நீங்களே பாத்துக்கங்க மாப்ளே. எனக்கு வேற வேலை இல்லையா?" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ஒரு புரோக்கரோடு கிளம்பிப் போனார். தங்கை ஊரிலிருந்து தானும் வருகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறாள். பாப்பாவை யார் பார்ப்பது, நீ அலையாதே, நானே பார்க்கிறேன் என்று இவர் தடுத்துவிட்டார். சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார். தரை வீடு, பின்பக்கம் இரண்டு பெரிய ஜன்னல், தெருவில் சத்தமே இல்லை, அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

"எந்த ஏரியா?"

சொன்னார்.

அந்த ஏரியா எனக்குத் தெரியும். மூன்று வருஷம் அந்த வழியாகத்தான் ஓட்டினேன். அங்கே நீளமாக ஒரு காம்பவுண்டுச் சுவர், அதற்குப் பின்னால் பழைய ரப்பரும் பேட்டரியும் உருக்குகிற இடம். அந்த நிறுத்தம் வருவதற்கு ஒரு நூறு அடி முன்னால் பஸ்ஸில் பேச்சு நின்றுவிடும். யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். முன்னாலிருந்து கடைசி சீட் வரைக்கும் ஜன்னல் கண்ணாடிகள் தடதடவென்று இறங்கி மூடிக்கொள்ளும். எவனாவது புதுசாக வந்து மூடாமல் உட்கார்ந்திருந்தால் நானே திரும்பி, "யோவ், மூடுய்யா" என்று கத்துவேன். இறங்குகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஏறுகிறவர்கள் மட்டும் சாதாரணமாக ஏறுவார்கள், அது எனக்கு எப்போதும் விசித்திரமாக இருக்கும்.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. நான் பார்த்த வீட்டை வேண்டாம் என்றாரே என்கிற வீம்பு ஒன்று. மனுஷனுக்கு மூக்கு இருக்கிறது, தெரிந்துதானே பிடித்திருப்பார், வாடகை குறைவென்று சகித்துக்கொண்டிருப்பார் என்றும் நினைத்தேன். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு நாள் அங்கே இருந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வரட்டும், அப்போது பேசிக்கொள்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு குரூர ஆசை. பாப்பாவின் நெஞ்சு அந்த நேரம் என் நினைவுக்கே வரவில்லை. இப்படியும் ஒரு தாய்மாமன்!

"நல்ல ஏரியாதான் மாப்ளே. அமைதியா இருக்கும்" என்றேன்.

வீடு பார்த்த கதையை அவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்ததிலிருந்து வீட்டைக் காட்டாமல் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "எல்லாம் சரியா இருக்கா சார்? வேற எதுவும் கேக்கணுமா?" என்று இரண்டு தடவை கேட்டாளாம். பின்னறை ஜன்னல் சட்டத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் டேப் ஒட்டிப் பிய்த்த தடம் இருந்தது. கம்பியில் பெயிண்ட் கொப்பளித்துக் கிடந்தது. இவர் நகத்தால் சுரண்டியதும் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

"மட்டமான பெயிண்ட் அடிச்சிருக்கீங்கம்மா."

"ஆமா சார், மட்டமான பெயிண்ட்தான்" என்று அவள் அவசரமாக ஒத்துக்கொண்டாள்.

தெருவில் ஒரு வாசலிலும் ஆள் இல்லை. ஒரு பூந்தொட்டி இல்லை. பகல் இரண்டு மணிக்கு எல்லா வீட்டு ஜன்னலும் சாத்தியிருந்தது. நகரத்து ஜனங்கள் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தாராம்.

சாமான் வந்து இறங்கிய அன்றைக்குச் சாயங்காலம் தங்கை வாசலில் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஏங்க, என்னங்க இது நாத்தம்? அழுகின முட்டையும் டயர் எரிஞ்சதும் சேந்தாப்பல வருது" என்றாள்.

அவர் முகம் சுண்டிப்போனது. அட்வான்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது, பதினோரு மாச அக்ரிமென்ட், பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் வேறு சுற்றி நிற்கிறார்கள்.

"பூட்டிக் கிடந்த வீடு, அப்படித்தான் இருக்கும்" என்றார்.

பக்கத்து வீட்டு அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தாள். "பத்து நாள்ல பழகிடும்மா. எனக்கெல்லாம் இப்ப தெரியறதே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் சொன்னபடியே ஆனது. முதல் வாரம் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவது வாரம் அந்த நாற்றம் காலையில் மட்டும் தெரிந்தது. அப்புறம் தெரியவே இல்லை. நான் போன் பண்ணி, "வீடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டபோது, "முதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு அண்ணே. பழகிடுச்சு" என்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. பழகிவிட்டது என்றால் பிரச்சினை தீர்ந்தது என்று நானும் நம்பினேன். வருஷக்கணக்காக அந்த நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் ஏன் சாதாரணமாக ஏறினார்கள் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு மாசம் வருகிற இன்ஹேலர் பாப்பாவுக்குப் பன்னிரண்டு நாளில் தீர்ந்தது. ஊர் மாறினால் முதலில் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிடைத்த தேதி மூன்று மாசம் தள்ளி. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே பையை இறக்கி வைத்துவிட்டு நின்றாளாம்.

"வாடி, ஏன் நிக்கற?"

"இரும்மா. இங்க கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வரேன். வீட்டுல வரமாட்டேங்குது."

வீட்டுப் பாடத்துக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள் என்று தங்கை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். இதை இப்போது சொல்லும்போதெல்லாம் அவள் தன் கையையே பார்த்துக்கொள்கிறாள்.

மாப்பிள்ளைக்கு வேறு ஒரு கவலை. குடிவந்த முதல் வார லீவிலேயே பின்னறை ஜன்னல் கம்பியைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாப்பாவுக்காக வெள்ளை அடித்தார். இரண்டு வாரத்தில் அது பழுப்பேறியது. அப்புறம் கறுத்தது. மறுபடி சுரண்டினார், பிரைமர் வைத்தார், நல்ல டின் வாங்கி இரண்டு கோட் அடித்தார். அதுவும் கறுத்தது. வேறு யாராக இருந்தாலும் இந்தக் காற்றில் என்னவோ இருக்கிறது என்று யோசித்திருப்பார்கள். இவர் தொழில்காரர். பெயிண்ட் கெட்டுப்போனால் அடித்தவன் கையைத்தான் சொல்லவேண்டும் என்று பழகியவர். டின்னில் தின்னர் கூடிவிட்டதோ, தேய்ப்பு சரியில்லையோ, வயசாகிக் கை போய்விட்டதோ என்று ராத்திரியெல்லாம் புரண்டாராம். இரும்பையே தின்கிற காற்று தன் பெண்ணின் நெஞ்சுக்குள்ளும் போய்வருகிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அடுத்த லீவு நாளில் மூன்றாவது தடவை அடித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினார்.

இந்த மூன்று மாசமும் நான் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. வரவேண்டியவர் அவர்தானே என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் காலையில் அந்த ரூட் டிரைவர் வரவில்லை என்று என்னை மாற்றிவிட்டார்கள். எட்டரை மணி. அந்த நிறுத்தத்துக்கு நூறு அடி முன்னால் பேச்சு நின்றது, கண்ணாடிகள் இறங்கின. கண்டக்டர் என் பக்கத்தில் வந்து கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, "முன்னையெல்லாம் ராத்திரிதான் புகைய விடுவானுங்க. இப்ப பட்டப்பகல்லயே திறந்து விடறானுங்கண்ணே. போன மாசம் ரெண்டு பெருசுங்க போயிடுச்சு. கேக்க நாதியில்ல" என்றார்.

நிறுத்தத்தில் என் தங்கையும் பாப்பாவும் நின்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு வேறு பஸ் பிடிப்பதற்காக. பாப்பா என்னைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு தோளும் மேலே போய்ப் போய் வந்தன. மெலிந்து பாதியாகியிருந்தாள். என் கண்ணாடியும் மூடித்தான் இருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள், வண்டியை எடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் அன்றைக்கு எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. இரண்டு சிக்னலைத் தாண்டி நின்றேன், திட்டு வாங்கினேன். இரண்டு மணிக்கு டூட்டி முடிந்ததும் யூனிபார்மோடு ஓடினேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, இன்றைக்கே சாமானைக் கட்டச் சொல்லிவிடுவது, வேண்டுமானால் என் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்ளட்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டு போனேன்.

தெருவுக்குள் நுழைந்ததும் கண் எரிந்தது. மூச்சை இழுத்தால் தொண்டையில் காறியது. தெருவில் காக்கை குருவி இல்லை. எல்லாக் கதவும் சாத்தி, கதவடியில் ஈரத்துணி வைத்து அடைத்திருந்தார்கள். அந்தத் தெருவில் ஒரே ஒரு வீட்டின் கதவு மட்டும் அகலத் திறந்திருந்தது.

வீட்டுக்கும் அந்த நீளச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. அதில் நின்றுகொண்டு மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிய வழிய, புறங்கையால் துடைத்துக்கொண்டு, வாயில் ஏதோ பாட்டு.

"வாங்க மச்சான்! இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"பாப்பா எங்க?"

"இருமல்னு ஸ்கூல்ல இருந்து அனுப்பிட்டாங்க. உங்க தங்கச்சி மருந்து வாங்கப் போயிருக்கா. பாப்பா உள்ள படுத்திருக்கா. நல்ல காத்து வரட்டும்னு எல்லா ஜன்னலையும் திறந்து வெச்சிருக்கேன்."

நான் உள்ளே ஓடினேன். பாப்பா படுத்திருக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா. கூப்பிட அவளுக்குக் குரல் இல்லை. அவள் தன்னைப் பார்க்கிறாளே என்று அவர் இரண்டு தடவை பிரஷ்ஷை ஆட்டிச் சிரித்திருக்கிறார்.

"ஐயோ மாப்ளே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் டின்னைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினோம். அங்கே வந்த ஒரு சரக்கு வண்டியை மறித்து ஏறினோம். என் சட்டையைப் பிடித்திருந்த அவள் கை பாதி வழியில் தளர்ந்தது.

மூன்று மணிநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் நெஞ்சு ரொம்பக் கெட்டிருக்கிறது, இனிமேல் ஓட்டம் விளையாட்டெல்லாம் இந்தப் பெண்ணுக்குக் கிடையாது, மூச்சுக்கு மெஷின் வைத்துத்தான் தூங்கவேண்டும் என்றார். பிறகு எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "துணியெல்லாம் டயர் எரிஞ்ச நாத்தம். அவ்வளவு நாத்தத்துல குழந்தையை எப்படி விட்டீங்க? வீட்டுல ஒருத்தருக்குமா மூக்கு இல்ல?" என்று கேட்டார்.

"எனக்கு இல்ல மேடம்" என்றார் மாப்பிள்ளை. "எட்டு வருஷமா எனக்கு வாசனை தெரியாது."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்தே பிடித்தார் என்று மூன்று மாசமாக நான் நினைத்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு வீடு பிடித்தபோது ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. சுற்றியிருந்த அத்தனை பேரிலும் அவருக்குச் சொல்லியிருக்கக் கூடியவன் நான் ஒருத்தன்தான்.

போன் பண்ணியதும் கடையிலிருந்து நேரே ஓடிவந்த தங்கை மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு பாப்பா இருந்த அறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இருவரும் நடைபாதைக் கடைசியில் ஒரு பெஞ்சில். அவர் கையெல்லாம் வெள்ளை காய்ந்து வெடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தப்பு என்னுதுதான் மச்சான். கோச்சுக்கிட்டீங்கன்னு தனியா போனேன். கெஞ்சியாவது உங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கணும். வாசல்லயே சொல்லியிருப்பீங்க."

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. என்னால் முடியவில்லை.

"எனக்குத் தெரியும் மாப்ளே."

"என்ன?"

"அந்த ஏரியா பேரை நீங்க சொன்னப்பவே தெரியும். மூணு வருஷம் அந்த வழியா ஓட்டினவன் நான். அந்த ஸ்டாப் வந்தா கண்ணாடிய மூடச் சொல்லி நானே கத்துவேன். வேணும்னேதான் சொல்லல. நான் பாத்த வீட்டை வேணாம்னுட்டீங்கன்னு கடுப்பு."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபமே வராத அந்த மனுஷன் அப்போதும் கையை ஓங்கவில்லை. விரலில் காய்ந்திருந்த வெள்ளையை ஒவ்வொரு செதிலாக உரித்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தார்.

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "கண்ணு முழிச்சிடுச்சு. ஒருத்தர் மட்டும் வாங்க. மாமா எங்கன்னு கேக்குது."

நான் எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளைதான் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"போங்க மச்சான். அவகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க. மாமான்னா அவளுக்கு உசுரு."

நான் உள்ளே போனேன்.